அடைமொழியும் செய்வினையும்: இலக்கணத் தேர்வு வினாக்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நான்கு தொடர்களைத் தந்து, அவற்றுள் பிழையற்றது எது என வினவும் முறை இலக்கணத் தேர்வுகளில் இந்நாளில் பெருவழக்காக உள்ளது. அவ்வினாக்களுள் இரு வகை ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியன. ஒன்று, அடைமொழி தனக்குரிய சொல்லை உரிய இடத்தில் தழுவி நிற்கின்றதா எனக் காண்பது. மற்றொன்று, வினை செய்வினையாக நிற்கின்றதா, செயப்பாட்டு வினையாக நிற்கின்றதா எனக் காண்பது. பள்ளித் தேர்வுகளில் இவை நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்திலும் தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டு வினை வாக்கியங்களைக் கண்டெழுதுதல் ஒரு பகுதியாக இடம்பெற்று வந்துள்ளது.

இத்தகைய வினாக்களுக்கு விடை ஒன்றே எனக் கொண்டு மதிப்பெண் இடுகின்றனர். இலக்கணமோ ஒரு தொடரைச் சரி, தவறு என இரண்டாக மட்டும் பகுப்பதன்று. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுப்பது தமிழிலக்கண மரபு. மூன்றாகப் பகுத்த ஒன்றை இரண்டாக மடக்கி வினவும்போது இடர்ப்பாடு தோன்றுகின்றது. நூலை நன்கு கற்றவன் வழுவமைதியை நினைந்து தயங்குவான். கல்லாதவன் தயக்கமின்றி ஒன்றைக் குறித்து மதிப்பெண் பெறுவான். ஒரு மதிப்பெண்ணே ஒருவரது வாழ்வின் போக்கை மாற்றவல்ல தேர்வுகளில் இஃது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆதலின் அடை, வினை ஆகிய இரண்டைப் பற்றியும் தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் கருத்துகளை முன்வைத்து, எவ்வகை வினா பொருந்தும், எவ்வகை வினா பொருந்தாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. அடையைத் தேர்தல்

அடை என்பது ஒரு சொல்லைச் சார்ந்து நின்று அதன் பொருளைச் சிறப்பிக்கும் சொல். நல்ல, பெரிய, அழகிய முதலிய குறிப்புப் பெயரெச்சங்கள் பெயரைச் சாரும். நன்கு, மெல்ல, அழகாக முதலியன வினையைச் சாரும். 'அழகாக' என்பதன் இறுதியில் நிற்கும் 'ஆக' என்பது, ஆதல் வினையினடியாகப் பிறந்த செய என்னும் வாய்பாட்டு எச்சம். ஆதலின் அது வினையை அவாவி நிற்றல் இயல்பு. உரிச்சொற்களோ எனின் பெயரையும் வினையையும் சார வல்லன. 'நனி' என்பது 'நனி நன்று' எனக் குறிப்பையும் 'நனி வருந்தினான்' என வினையையும் சார்தல் காண்க.

'அவள் அழகிய பாடினாள்' என்பது வழு என்பதில் ஐயமில்லை. பெயரை அவாவி நிற்கும் எச்சம் பெயர் கொள்ளாது வினையை அடுத்து நின்றமையே அதற்குக் காரணம். இத்தகைய தொடரை வினாவில் அமைப்பது தக்கதே. ஆயின், 'அவன் ______ தோட்டம் அமைத்தான்' எனத் தந்து, 'அழகிய', 'அழகாக' என்னும் இரண்டையும் விடைகளாகக் காட்டினால், எதனைத் தேர்வது? 'அழகிய தோட்டம் அமைத்தான்' எனின் தோட்டத்தின் அழகு கூறப்படும். 'அழகாகத் தோட்டம் அமைத்தான்' எனின் அமைத்த திறம் கூறப்படும். இரண்டும் வழாநிலையே. பொருள் வேறுபாடு உண்டேயன்றி இலக்கண வேறுபாடு இல்லை. கோடிட்ட இடத்தை அடுத்து வலிமிகுதல் காட்டப்படவில்லை ஆதலின் 'அழகிய' என்பதே விடை என வினா எழுதியவர் கூறக்கூடும். அவ்வாறாயின் அவ்வினா சந்தியைச் சோதிப்பதே அன்றி அடையைச் சோதிப்பதன்று.

'ஒரு', 'ஓர்' என்பன பற்றிய வினாவும் இவ்வகையினதே. ஒன்று என்னும் எண்ணுப்பெயர் மெய்முதன்மொழி வருங்கால் 'ஒரு' எனவும், உயிர்முதன்மொழி வருங்கால் முதல் நீண்டு 'ஓர்' எனவும் ஆகும் என்னும் விதி தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியலிலே அமைந்துள்ளது. இவ்விதியிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. 'ஒரு', 'ஓர்' என்னும் வேறுபாடு தான் சிறப்பிக்கும் பெயரைப் பொறுத்ததன்று. தன்னை அடுத்து நிற்கும் சொல்லைப் பொறுத்தது. 'ஓர் ஊர்' என்பது 'ஒரு சிறிய ஊர்' எனவும், 'ஒரு மலர்' என்பது 'ஓர் அழகிய மலர்' எனவும் ஆதல் காண்க. பொருளால் தழுவப்படும் சொல் ஒன்று, ஒலியால் அடுத்து நிற்கும் சொல் பிறிதொன்று என்னும் நுட்பத்தை மாணவர் உணர்ந்தனரா என அறிதற்கு இது தக்கதொரு வினாப்பொருள். செய்யுளில் 'ஓர்' என்பது மெய்முன்னும் வரக் காண்கின்றோம். ஆதலின், வினாவினுள் 'உரைநடை வழக்கின்படி' என வரையறுத்தல் வேண்டும்.

2. அடை நிற்கும் இடம்

ஆங்கிலத்திலே அடை இடம் மாறி நிற்றலால் விளையும் பொருள் மயக்கம் இலக்கணப் பயிற்சி நூல்களிற் பெரிதும் பேசப்படுவதொன்று. தமிழில் அடை தான் தழுவும் சொல்லுக்கு முன்னரே நிற்றலால் இம்மயக்கம் இல்லை எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. 'பெரிய மரத்தின் கிளை முறிந்தது' என்னும் தொடரில் பெரியது மரம். கிளையே பெரியது எனக் கூறக் கருதியவன் 'மரத்தின் பெரிய கிளை முறிந்தது' எனக் கூறுதல் வேண்டும். அடை தன்னை அடுத்து நிற்பதையே முதற்கண் தழுவும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மையைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வண்ணச் சினைச்சொல் பற்றிக் கூறுமிடத்து வகுத்துக் காட்டியுள்ளார். அடை, சினை, முதல் என்னும் முறை மயங்காது வருதல் மரபு என்பது அவர் கருத்து. 'செங்கால் நாரை' என்புழிச் செம்மை காலையும், கால் நாரையையும் முறையே தழுவுகின்றன. நன்னூலார் இதனை மேலும் வரையறுத்து, முதற்பொருளோடு இரண்டு அடை வருதல் வழக்கிற்கு உரியது என்றும், சினையோடு இரண்டு அடை வருதலும் இம்முறை மயங்கி வருதலும் செய்யுளுக்கே உரியன என்றும் கூறுவர். உரைநடையில் வழுவாவது செய்யுளில் அமைதியாதல் கூடும் என்பதற்கு இது சான்று. ஆதலின், செய்யுள் அடியொன்றை எடுத்து அடையின் இடம் சரியா என வினவுதல் பொருந்தாது.

தொகையாக நிற்கும் சொற்களுக்கு முன் அடை வருங்கால் மயக்கம் மிகும். 'பழைய புத்தகக் கடை' என்பது பழையதாகிய புத்தகக் கடை எனவும், பழைய புத்தகங்களின் கடை எனவும் இருவகையாற் பொருள்படும். எழுத்தால் இரண்டிற்கும் வேறுபாடில்லை. 'பழைய புத்தகங்களை விற்கும் கடை' எனத் தொகையை விரித்துக் கூறினால் மயக்கம் நீங்கும். காலத்தை உணர்த்தும் சொற்களும் இத்தகையனவே. 'நேற்று வந்த மாணவனிடம் நூலைக் கொடுத்தேன்' என்னும் தொடரில் நேற்று நிகழ்ந்தது வருகையா, கொடையா? 'வந்த மாணவனிடம் நேற்று நூலைக் கொடுத்தேன்' எனின் கொடை நேற்றையது என்பது தெளிவாகும். வருகையே நேற்றையது எனக் கூறக் கருதுவோன் கொடுத்த காலத்தையும் உடன்கூறி, 'நேற்று வந்த மாணவனிடம் இன்று நூலைக் கொடுத்தேன்' எனல் தக்கது.

இத்தகைய தொடர்களைக் காட்டி 'இவற்றுள் பிழையானது எது?' என வினவுதல் தவறு. இவை பிழையுடையன அல்ல, இருபொருள் படுவன. 'எத்தொடர் ஒருபொருளே தருகின்றது?' என வினவினால் விடை ஐயத்திற்கு இடமின்றி அமையும்.

3. இனமில்லா அடை

அடை என்பது ஒன்றனை அதன் இனத்தினின்றும் பிரித்துக் காட்டுதற்கு வருவது. 'வெள்ளாடு' என்புழி வெண்மை பிற ஆடுகளினின்றும் அதனைப் பிரிக்கின்றது. 'செஞ்ஞாயிறு' என்புழிச் செம்மையால் பிரிக்கத்தக்க வேறு ஞாயிறு இல்லை. இனம் சுட்டாத இவ்வகைப் பண்புச்சொல் வழக்கிற்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலாரோ இனமுள்ள அடையும் இனமில்லா அடையும் வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டிலும் வரும் என உடன்பட்டார். இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வழக்கு விரிந்தமை இதனாற் புலனாகின்றது.

'தேவையற்ற அடையை நீக்குக' என்னும் வினாவிற்கு 'வெண்ணிலவு' போன்ற சொல்லை எடுத்துக்காட்டாகத் தந்தால், தொல்காப்பியத்தின்படி ஒரு விடையும் நன்னூலின்படி பிறிதொரு விடையும் வரும். எந்நூலைப் பின்பற்றி விடை எழுதுவது எனக் கூறாத வினா, மாணவனது அறிவைச் சோதிப்பதன்று. வினா எழுதியவரது உள்ளத்தை ஊகிக்கும் ஆற்றலைச் சோதிப்பதாகும்.

4. வினையெச்சமும் வினைமுதலும்

வினையெச்சம் பின்வரும் வினையைத் தழுவி நிற்பது. அவ்வகையில் அதுவும் அடை போன்றதே. ஆங்கிலப் பயிற்சி நூல்கள் பற்றுக்கோடின்றித் தொங்கும் அடை எனக் கூறும் குற்றம் தமிழில் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றது. அதற்குரிய விதியைத் தொல்காப்பியர் வினையியலில் தெளிவாகக் கூறியுள்ளார். செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். ஏனையவை தம் வினைமுதலின் வினையையும் பிறவினைமுதலின் வினையையும் கொண்டு முடியும். நன்னூலார் தாம் எண்ணிய பன்னிரண்டு வாய்பாடுகளுள் முதல் நான்கும் இறுதி மூன்றும் தம் வினைமுதலின் வினையைக் கொள்ளும் எனவும், பிற இரண்டையும் ஏற்கும் எனவும் கூறுவர்.

'தேர்வை எழுதி முடித்து மணி அடித்தது' என்னும் தொடரை நோக்குக. எழுதி முடித்தவர் மாணவர், அடித்தது மணி. செய்து என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொள்ளாமையின் இது வழு. 'மாணவர் தேர்வை எழுதி முடித்ததும் மணி அடித்தது' என்பது வழாநிலை.

இவ்விதிக்குப் புறனடை இரண்டு உண்டு. சினையின் வினை முதலின் வினையைக் கொண்டு முடிதல் ஒன்று. 'கால் ஒடிந்து வீழ்ந்தான்' என்புழி ஒடிந்தது கால், வீழ்ந்தவன் அவன். ஆயினும் சினையும் முதலும் ஒன்றெனக் கொள்ளப்படுதலின் அது வழுவன்று. எச்சத்திரிபு மற்றொன்று. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்புழிப் பெய்தது மழை, நிறைந்தது குளம். 'பெய்து' என்னும் எச்சம் 'பெய்ய' என்னும் எச்சத்தின் பொருளில் நின்றது எனக் கொண்டு இதனை அமைப்பர். சொல் திரியினும் பொருள் திரியாத வினைக்குறை என நன்னூலார் இதற்கு இடம் தந்துள்ளார்.

அவ்வாறாயின், மணி அடித்த தொடரையும் எச்சத்திரிபு என அமைக்கலாகாதோ எனின், ஆகாது என்க. 'மழை பெய்து' என்புழி எச்சத்தின் வினைமுதலாகிய மழை வெளிப்பட நிற்கின்றது. ஆதலின் 'பெய்து' என்பதைக் குளத்தின் வினையாக எவரும் மயங்கார். 'தேர்வை எழுதி முடித்து' என்புழி வினைமுதல் வெளிப்படவில்லை. பின்வரும் எழுவாயாகிய மணியையே அதன் வினைமுதலாகக் கொள்ள நேர்கின்றது. எனவே, எச்சத்தின் வினைமுதல் வெளிப்படாவிடத்து எச்சத்திரிபு கூறுதல் பொருந்தாது என நாம் துணிகின்றோம். வினா எழுதுவோர் இவ்வேறுபாட்டை உணர்ந்து, வினைமுதல் தோன்றாத தொடரையே வழுவிற்கு எடுத்துக்காட்டாகத் தருதல் வேண்டும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதை வழு எனக் காட்டும் வினா, நன்னூல் கற்ற மாணவனைத் தண்டிக்கும் வினாவாகும்.

5. செய்வினையும் செயப்பாட்டு வினையும்

'கொத்தன் சுவரைக் கட்டினான்' என்பது செய்வினை. 'சுவர் கொத்தனால் கட்டப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமை உருபு நீங்கி எழுவாயாதலும், வினைமுதல் மூன்றாம் வேற்றுமை உருபு ஏற்றலும், செய என்னும் எச்சத்தின்பின் படு என்னும் துணைவினை வந்து புதிய எழுவாயின் திணைபால் ஏற்றலும் இம்மாற்றத்தின் கூறுகள். படு என்பதன் இடத்திலே பெறு என்பதும் வரும். கொலையுண்டான் என்றாற்போல உண் என்பதும் வரும்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகளில் செயப்பாட்டு வினைக்கெனத் தனி உருபு இல்லை என்றும், துணைவினையால் அமையும் அவ்வடிவம் இயல்பான வழக்கில் அருகியே வருவது என்றும் கருதினார். இது கொண்டு, செயப்பாட்டு வினை ஆங்கிலத்தின் வழி வந்தது எனச் சிலர் கூறுவர். அஃது உண்மையன்று. 'எனப்படும்' என்னும் வடிவம் தொல்காப்பியத்திலும், 'வைக்கப்படும்' என்னும் வடிவம் திருக்குறளிலும் பயின்றுள்ளன. தமிழிற் பழமையானதே இது; இதன் பெருக்கமே பிற்காலத்தது.

இவ்வினை பற்றிய வினாக்களில் காணப்படும் குறைகள் நான்கு.

முதலாவது, பகுப்பு மயக்கம். தன்வினை, பிறவினை என்பது ஒரு பகுப்பு. செய்வினை, செயப்பாட்டு வினை என்பது வேறொரு பகுப்பு. 'அரசன் கோயிலைக் கட்டுவித்தான்' என்பது பிறவினையும் ஆகும், செய்வினையும் ஆகும். 'கண்ணன் பாடத்தைப் படித்தான்' என்பது தன்வினையும் ஆகும், செய்வினையும் ஆகும். இந்நான்கையும் ஒரே வினாவின் நான்கு விடைகளாகத் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தல், ஒருவனை நோக்கி 'நீ இளையனா, முதியனா, உயரமானவனா, குட்டையானவனா?' என வினவி ஒரே விடை கேட்பதை ஒக்கும். இரு பகுப்புகளையும் இரு வினாக்களாகப் பிரித்து வினவுதலே முறை.

இரண்டாவது, படு என்பதைக் கண்ட அளவில் செயப்பாட்டு வினை எனக் கொள்ளுதல். வருத்தப்பட்டான், ஆசைப்பட்டான், புலப்பட்டது, அகப்பட்டான் என்பன செயப்பாட்டு வினைகள் அல்ல. இவற்றிலே படு என்பது பெயரோடும் பிற சொல்லோடும் சேர்ந்து ஒரு வினையை ஆக்குகின்றது. படு என்பதன்முன் செய என்னும் வாய்பாட்டு எச்சம் நிற்றலும், தொடரைச் செய்வினையாகத் திருப்ப இயலுதலும் ஆகிய இரண்டும் இருந்தாலன்றிச் செயப்பாட்டு வினை எனல் கூடாது.

மூன்றாவது, ஆல் உருபு ஏற்ற பெயரெல்லாம் வினைமுதல் எனக் கொள்ளுதல். மூன்றாம் வேற்றுமை கருவிப்பொருளிலும் வரும், கருத்தாப்பொருளிலும் வரும். 'மரம் கோடரியால் வெட்டப்பட்டது' என்பதைச் செய்வினையாக மாற்றுக எனின், 'கோடரி மரத்தை வெட்டியது' என எழுதுதல் பொருந்தாது. 'கோடரியால் மரத்தை வெட்டினான்' எனத் தோன்றா எழுவாயாக எழுதுதலே நேர். வெட்டினாள், வெட்டினார் எனவும் எழுதலாம் ஆதலின், வெட்டியவரைக் கூறாத வினாவிற்கு விடை ஒன்றாதல் இயலாது.

நான்காவது, இரண்டிற்கும் இடைப்பட்ட வழக்கை மறத்தல். செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுதலும் வழக்கு என்பது தொல்காப்பிய வினையியல். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மெழுகப்பட்டது திண்ணை, வினையின் வடிவமோ செய்வினை. இதனைச் செய்வினை எனின் பொருள் பொருந்தாது; செயப்பாட்டு வினை எனின் வடிவம் பொருந்தாது. இத்தகைய தொடரை விரிவாக விடை எழுதும் தேர்விற்கு ஒதுக்குதல் நன்று.

6. செய்வினையே சிறந்ததோ?

ஆங்கில உரைநடைப் பயிற்சி நூல்கள் செய்வினையைப் போற்றிச் செயப்பாட்டு வினையைக் குறைத்து எழுதுமாறு அறிவுறுத்துகின்றன. தமிழுக்கும் இது பொருந்துமோ என ஆராய்தல் வேண்டும்.

செயப்படுபொருளை முதலில் நிறுத்தி அதற்கு முதன்மை தருதல் செயப்பாட்டு வினையின் பயன்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் சொற்கள் நிற்கும் முறையே எழுவாயையும் செயப்படுபொருளையும் பெரும்பாலும் உணர்த்துதலின், வினையை மாற்றாமல் செயப்படுபொருளை முதலில் நிறுத்துதல் அரிது. தமிழிலோ ஐ உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுகின்றது. 'இவ்வுரையை இளம்பூரணர் இயற்றினார்' எனச் செய்வினையிலேயே உரைக்கு முதன்மை தரலாம். 'இவ்வுரை இளம்பூரணரால் இயற்றப்பட்டது' எனக் கூறவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

பெயரெச்சமும் இதற்குத் துணை செய்கின்றது. செய்த, செய்யும் என்னும் எச்சங்கள் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்னும் ஆறு பொருட்கும் ஒத்த உரிமையுடையன என்பது தொல்காப்பியம். ஆதலின், 'இளம்பூரணர் இயற்றிய உரை' என்புழி எச்சம் செயப்படுபொருட் பெயரைக் கொண்டு நேரே முடிகின்றது. 'இளம்பூரணரால் இயற்றப்பட்ட உரை' என்பது வழுவன்று. ஆயினும் வேண்டாத நீட்டம். இங்கே அடையைத் தேர்தலும் வினையைத் தேர்தலும் ஒரே செயலாக முடிதல் காண்க.

எனினும் செயப்பாட்டு வினை இன்றியமையாத இடங்களும் உள. செய்தவர் யாவர் என அறியப்படாவிடத்தும், கூற வேண்டாவிடத்தும் அது வரும். சட்டத்தில் 'தண்டிக்கப்படுவர்' என வருதல் இதற்கு எடுத்துக்காட்டு. பொருள் மயக்கத்தை நீக்குதற்கும் அது வேண்டும். 'புலிகொல் யானை' என்பது மரபான எடுத்துக்காட்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்பது அத்தொகையால் விளங்காது. தடுமாறு தொழிற்பெயர் எனத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் கூறுவது இதனையே. ஐ உருபு ஒரு பொருளையும், ஆல் உருபோடு கூடிய செயப்பாட்டு வினை மற்றொரு பொருளையும் ஐயமின்றி வரையறுக்கின்றன. இங்கே செயப்பாட்டு வினையை விலக்கினால் தெளிவையே விலக்கியவராவோம்.

தடுமாறு தொழிற்பெயர்க்கு இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் விலக்கப்படா எனக் கூறிய ஆசிரியர், அதனை அடுத்துவரும் சொல்லால் பொருளை உணர்வோர் உணர்வர் எனவும் கூறினார். யானை ஓடுகின்றது எனத் தொடர் முடிந்தால் அது கொன்ற யானை. வீழ்ந்து கிடந்தது எனத் தொடர் முடிந்தால் அது கொல்லப்பட்ட யானையாதல் கூடும். மயங்கும் சொல்லுக்குச் சூழலே தீர்ப்புக் கூறும் என்பது அவர் கொள்கை. சூழலின்றித் தனித்தொடரைத் தந்து தீர்ப்புக் கேட்பது அக்கொள்கைக்கு மாறானது.

7. இரண்டும் ஒருங்கு வருமிடம்

வினையெச்சமும் செயப்பாட்டு வினையும் ஒரே தொடரில் வருங்கால் ஒரு சிக்கல் எழுகின்றது. 'நூல் ஆராய்ந்து எழுதப்பட்டது' என்னும் தொடர் வழுவா? எழுவாய் நூல், ஆராய்ந்தவர் ஆசிரியர். செய்து என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொள்ளவில்லை எனக் கூறி இதனை வழு என்பார் உளர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. 'எழுதப்பட்டது' என்பது எழுத, பட்டது என இரு வினைகளால் ஆயது. எழுதுதல் ஆசிரியரின் வினை; படுதல் நூலின் வினை. 'ஆராய்ந்து' என்னும் எச்சம் தழுவுவது 'எழுத' என்பதையே அன்றிப் 'பட்டது' என்பதை அன்று. ஆராய்ந்தவரும் எழுதியவரும் ஒருவரே ஆதலின் விதி பிழைபடவில்லை. 'நூலகத்திற்குச் சென்று நூல் காணப்படவில்லை' என்பதோ வேறு. சென்றவர் ஒருவர் உளர். ஆயின் 'காணப்படவில்லை' என்பது ஈண்டுக் கண்ணுக்குப் புலனாகவில்லை, இல்லை என்னும் பொருளில் நின்று, காண்பார் ஒருவரது வினையை உணர்த்தாது நூலின் நிலையையே உணர்த்துகின்றது. எச்சத்திற்குப் பற்றுக்கோடு இன்மையின் அது வழு. படு என்பதன்முன் நிற்கும் வினைக்கும் எச்சத்திற்கும் வினைமுதல் ஒன்றாயின் அமைதி, அன்றாயின் வழு என்பது நாம் கண்ட முடிவு.

8. வினா அமைக்கும் நெறி

மேற்கூறியவற்றால் வினா அமைப்போர் மேற்கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

வினா எந்த நூலை அல்லது எந்த வழக்கைத் தழுவியது என்பதைக் கூறுதல் வேண்டும். உரைநடையா, செய்யுளா என்பதை வரையறுத்தல் வேண்டும். விடைகள் நான்கும் ஒரே பகுப்பைச் சார்ந்தனவாக இருத்தல் வேண்டும். வழுவமைதிக்கு உரிய தொடரை வழுவாகக் காட்டுதல் கூடாது. இருபொருள் படும் தொடரைப் பிழையெனக் கூறாது, பொருளைக் கூறி அதற்குப் பொருந்தும் தொடரைத் தேரச் செய்தல் வேண்டும்.

இறுதியிற் கூறிய நெறிக்கு ஒரு வினாவை எடுத்துக்காட்டாக அமைப்போம். 'கிளை பெரிது, அது முறிந்தது, மரத்தின் அளவு கூறப்படவில்லை. இக்கருத்தைத் தருவது எது? அ. பெரிய மரத்தின் கிளை முறிந்தது. ஆ. மரத்தின் பெரிய கிளை முறிந்தது. இ. மரத்தின் கிளை பெரிதாக முறிந்தது. ஈ. பெரிய மரத்தின் பெரிய கிளை முறிந்தது.' இதற்கு 'ஆ' என்பதே விடை. முதல் தொடரும் நான்காம் தொடரும் மரத்தின் அளவைக் கூறுகின்றன. மூன்றாம் தொடரில் அடை வினையைச் சார்ந்தது. ஒவ்வொரு விடையும் ஏன் பொருந்தும், ஏன் பொருந்தாது எனக் காரணம் காட்ட இயல்கின்றது. காரணம் காட்ட இயலாத விடை இலக்கண விடை ஆகாது.

முதுகலை மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் வினா அமைப்போராகவும் விளங்கப் போகின்றவர்கள். அவர்கள் ஒவ்வொரு வினாவையும் எழுதியபின், அதன் பிழையான விடைகள் மூன்றையும் நூற்பா கொண்டு மறுக்க இயலுமா எனத் தாமே சோதித்தல் வேண்டும். இயலாத வினாவை நீக்கிவிடுதலே நன்று.